ரமணி சீரியஸ்

தந்திக்காரர் வாசலில் சைக்கிளைச் சாய்த்தபோது என் முகத்தில் பாதி சோப்பு நுரை இருந்தது. வலது கன்னம் முடிந்துவிட்டது. இடது கன்னத்தில் பிளேடு வைக்கப் போகிற நேரம்.

"சாரே, கம்பியுண்டு!" என்றார்.

திருவனந்தபுரத்தில் தந்திக்குக் கம்பி என்று பெயர். ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவில் வீடுகளெல்லாம் சுவரோடு சுவர் ஒட்டியவை. கம்பி என்ற சத்தம் கேட்டதும் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பக்கத்து வீட்டில் தாளிப்பது நின்றது. கடுகு வெடித்துக்கொண்டிருந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது; சட்டென்று வெடிக்காமல் போயிற்று. அந்த அம்மாள் சட்டியை இறக்கிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள் என்று அர்த்தம்.

தந்தியைப் பிரித்தேன். சோப்பு ஒரு சொட்டு அதன்மேல் விழுந்தது. ஆங்கிலத்தில் மூன்றே வார்த்தை.

'ரமணி நவ் சீரியஸ்.' கீழே, 'குறுப்பு.'

என் மனைவி பர்வதம் அடுக்களையிலிருந்து நொண்டிக்கொண்டே வந்தாள். முந்தின வாரம் கிணற்றடியில் வழுக்கி விழுந்து காலில் கட்டு. கையெல்லாம் தேங்காய்த் துருவல்.

"என்னவாக்கும்?"

 காகிதத்தை எட்டிப் பார்த்தாள். அவள் படித்தது ஐந்தாம் வகுப்புவரை, அதுவும் மலையாளத்தில். ஆனால் அந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தையைப் படிக்க எங்கள் தெருவில் யாருக்கும் இங்கிலீஷ் தெரிய வேண்டியதில்லை. தேங்காய்க் கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ரமணி எங்கள் ஒரே பிள்ளை. பொன்முடி மலைமேல் ஒரு தேயிலை எஸ்டேட்டில் குமாஸ்தாவாகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. குறுப்பு அங்கே ஹெட் கிளார்க்.

தந்தி பாஷை

தெரிந்த விஷயம்தான் என்றாலும், இளம் வாசகர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். தந்தியில் 'சீரியஸ்' என்றால் உடம்பு மோசம் என்று அர்த்தம் இல்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். வருகிறவன் வழியில் இடிந்து போகாமல் வந்து சேரட்டும் என்று நம்மவர்கள் கண்டுபிடித்த தாட்சண்யம் அது.

என் அப்பா போனபோது நான் நாகர்கோவிலில் வேலையாக இருந்தேன். 'ஃபாதர் சீரியஸ் ஸ்டார்ட்' என்று வந்தது. எங்கள் மேனேஜர் அதை வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "பதிமூணு நாளைக்கு லீவு எழுதிக்கொண்டு வா" என்றார். சீரியஸ் என்றுதானே சார் போட்டிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. பதிமூன்று நாளுக்குத்தான் எழுதிக் கொடுத்தேன்.

இதற்கு நேர்மாறாக எங்கள் சித்தப்பா ஒருவர் கதை உண்டு. வள்ளியூரில் இருந்தார். அவருக்கு உண்மையாகவே காய்ச்சல் கண்டு சீரியஸாக இருந்தது. அவருடைய பிள்ளை, படித்தவன், உள்ளதை உள்ளபடி 'சீரியஸ்' என்று தந்தி அடித்துவிட்டான். மறுநாள் பொழுது விடிவதற்குள் காய்ச்சல் இறங்கிவிட்டது.

நாங்கள் பதினேழு பேர் போய் இறங்கினோம். பெண்கள் தெருமுனையிலேயே அழ ஆரம்பித்தார்கள். எங்கள் பெரியப்பா கையில் தர்ப்பைக் கட்டு. உள்ளே போனால் சித்தப்பா நாற்காலியில் உட்கார்ந்து காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"என்னடா, கூட்டமா?" என்றார்.

 பெரியப்பா தர்ப்பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். சித்தப்பா பார்த்துவிட்டார். அதற்குப் பிறகு பதினோரு வருஷம் இருந்தார். பதினோரு வருஷமும் பெரியப்பாவோடு பேசவில்லை.

என் ஆபீஸ் சீரியஸ்

நான் சர்க்கார் ஆபீஸில் சூப்பரின்டெண்டெண்ட். எனக்கு அந்த வார்த்தை தினசரி சோறு. பியூன் லேட்டாக வந்தால் 'இந்த அலுவலகம் இதை சீரியஸாக நோக்குகிறது' என்று இங்கிலீஷில் மெமோ எழுதுவேன். ஒருதரம் எங்கள் பியூன் மெமோவைக் கையில் வைத்துக்கொண்டு என் மேஜை முன்னால் அரைமணி நேரம் நின்றான்.

"எந்தாடோ?" என்றேன்.

"சார் சீரியஸாயிட்டு நோக்கும் என்று எழுதியிருக்கல்லோ. நோக்கிக் கழிஞ்சால் போகலாம் என்று..."

பார்த்து முடித்தால் போகலாம் என்று காத்திருக்கிறான்!

வீட்டிலும் அதே வார்த்தைதான். ரமணியின் பள்ளிக்கூட ரிப்போர்ட்டில் ஒவ்வொரு டெர்முக்கும் ஒரே வரி: 'பையன் புத்திசாலி, சீரியஸ்னெஸ் போதாது.' ஆசிரியர்கள் மாறினார்கள், வரி மாறவில்லை. யாரைப் பார்த்தாலும் அவன் அவர்களாக மாறிவிடுவான். தபால்காரர், கோயில் மேல்சாந்தி, எங்கள் பெரிய டாக்டர், எல்லாருடைய குரலும் அவன் தொண்டையில் இருந்தன. ஒருநாள் நான் ஆபீஸிலிருந்து வரும்போது, வீட்டுக்குள்ளிருந்து என் குரலே என்னைத் திட்டியது. "ரமணி! லைஃப் இஸ் எ சீரியஸ் மேட்டர்!" பர்வதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

கிளப் நாடகத்தில் அவனுக்கு எப்போதும் காமிக் பார்ட்தான். ஒரு வருஷம் வற்புறுத்தி சீரியஸ் பார்ட் வாங்கிக்கொண்டான். மேடையில் தாயை இழந்து அழுதான். முன்வரிசையில் நாற்காலி உடைகிற அளவுக்குச் சிரிப்பு.

இப்படிப்பட்ட பிள்ளைக்குக் கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு வரன் வந்தது. பெண்ணின் தகப்பனார் ஹைஸ்கூலில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜாதகம் பொருந்திவிட்டது என்று எழுதிவிட்டுக் கீழே ஒரு கேள்வி போட்டிருந்தார். 'பையன் சீரியஸ் டைப்பா? மறைக்காமல் தெரிவிக்கவும். நேரில் வரும்போது பதில் வேண்டும்.'

நான் பொய் எழுத முடியாதவன். உண்மையும் எழுத முடியவில்லை. ஆகவே குறுப்புக்கு என்னுடைய மிகச் சிறந்த இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதினேன். எட்டு மாதத்தில் என் மகன் திருந்தியிருக்கிறானா, இப்போது சீரியஸாக இருக்கிறானா, பெண் வீட்டார் வருவதற்குள் தந்தி மூலம் தெரிவித்தால் மிகவும் கடமைப்பட்டவன் ஆவேன் என்று.

வாசகர்களுக்கு இப்போதே எல்லாம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. கடிதம் போட்டுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது, பெண்ணின் தகப்பனார் அன்று மாலைதான் வருவதாக இருந்தார், அதற்காகத்தான் லீவு போட்டு முகம் வழித்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு இருந்தும் அந்தக் கடிதம் என் நினைவின் பக்கமே வரவில்லை. நான் எழுதிய சீரியஸ் வேறு, கம்பியில் வந்த சீரியஸ் வேறு. இரண்டும் ஒரே வார்த்தை என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சீரியஸ் கேஸ்

"நீங்கோ உடனே கிளம்புங்கோ" என்றாள் பர்வதம். இந்தக் காலோடு அவளால் மலைப் பஸ் ஏற முடியாது. "அவர் வந்தா நான் பார்த்துக்கறேன். ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீங்கோ குழந்தையைப் பாருங்கோ." இருபத்து நாலு வயதுக் குழந்தை. 

தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் பொன்முடி பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்த பிறகுதான் எல்லாரும் என் முகத்தையே பார்ப்பதைக் கவனித்தேன். தடவிப் பார்த்தேன். வலது கன்னம் மழமழ, இடது கன்னம் சொரசொர. காதுக்குக் கீழே சோப்பு காய்ந்து விறைத்திருந்தது.

பக்கத்தில் வெற்றிலைக் கட்டுகளோடு ஓர் அம்மாள். ஈரச் சாக்கின் வாசனை. நெடுமங்காடு வரை பொறுத்திருந்து விட்டு, "எங்ஙோட்டா சாரே?" என்று கேட்டாள்.

"மகன்... எஸ்டேட்டில்... சீரியஸ்."

"என்றெ பகவதீ!" என்று மார்பில் கை வைத்தாள். அது முன்சீட்டுக்குப் போயிற்று. முன்சீட்டிலிருந்து கண்டக்டருக்கு. கண்டக்டர் டிரைவரிடம், "அண்ணா, சீரியஸ் கேஸுண்டு. வேகம் விடு!" என்றார்.

அந்த பஸ் அப்படி ஓடியது அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இருக்காது. வழக்கமாக டீ குடிக்க நிற்கிற இடத்தில் நிற்கவில்லை. இறங்க வேண்டியவர்கள்கூட, "சாரமில்லை, பரவாயில்லை, திரும்பி நடந்து போகலாம்" என்று எனக்காக அரை பர்லாங் தள்ளி இறங்கினார்கள். ரப்பர் மரங்கள் கோடு கோடாகப் பின்னால் போயின. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஸ்ரீவராகத்துப் பெருமாளிடம் ஒரே ஒரு மனுதான் போட்டுக்கொண்டு வந்தேன். ரமணி ஆயுசு முழுக்கச் சிரித்துக்கொண்டே இருக்கட்டும். யாரைப் போல வேண்டுமானாலும் பேசட்டும். என்னைப் போலப் பேசட்டும். ஒருநாளும் அவனிடம் சீரியஸாக இரு என்று சொல்ல மாட்டேன்.

கல்லாறு டீக்கடை

கல்லாறில் பஸ் நின்றே ஆக வேண்டும். அதற்குமேல் ஏற்றம், ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றாமல் ஏறாது. ஆற்றுச் சத்தம் கேட்டது. டீக்கடை வாசலில் எஸ்டேட் ஜீப் ஒன்று நின்றது. வாரம் ஒருமுறை தபாலும் சாமானும் எடுக்க இறங்கி வருகிற ஜீப்.

கடைக்குள்ளிருந்து என் குரல் கேட்டது.

பிரமை என்றுதான் நினைத்தேன். ஆனால் என் குரலேதான். என் இருமல், என் மூக்கடைப்பு, நான் இங்கிலீஷ் பேசும்போது மட்டும் வருகிற அந்த இழுப்பு.

"கைண்ட்லி இன்டிமேட்... பை வயர்... வெதர் மை சன்... இஸ் நவ்... சீரியஸ்! ஐ ஷல் பி ஹைலி ஒப்ளைஜ்டு!"

கடை முழுக்கச் சிரிப்பு.

பஸ்ஸிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியாது. உள்ளே ரமணி ஒரு பெஞ்சின் மேல் நின்றுகொண்டு, கையில் குறுப்புக்கு நான் எழுதிய கடிதத்தை ஏந்தி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, நானாக நின்றுகொண்டிருந்தான். தலை ஈரமாக இருந்தது. ஆற்றில் குளித்திருக்கிறான்.

என்னைப் பார்த்தான். என் குரல் அவன் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"அப்பா! நீங்க எப்ப வந்தேள்? பாதி முகம் எங்கே?"

நான் அவன் கையைப் பிடித்தேன். சூடாக இருந்தது. கன்னத்தைத் தொட்டேன். தோளை அழுத்திப் பார்த்தேன். ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. சூப்பரின்டெண்டெண்ட் ஆன பிறகு முதல் தடவை, ஒரு டீக்கடையில், பாதி ஷேவிங்கோடு.

அதற்குள் பஸ்ஸே இறங்கி வந்துவிட்டது. வெற்றிலைக்கார அம்மாள் முன்னால் வந்து ரமணியை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீயாணோ சீரியஸ்?"

"ஞானோ?"

"நினக்கு ஒரு ஜலதோஷம் போலும் இல்லேடா?" என்று அவன் காதைப் பிடித்துத் திருகினாள். ஜலதோஷம்கூட இல்லாதவனுக்காகவா டீயை விட்டுவிட்டு வந்தோம் என்று அவளுக்குக் கோபம். வள்ளியூர் சித்தப்பா வீட்டில் பதினேழு பேர் முகத்தில் பார்த்ததை நான் மறுபடி பார்த்தேன்.

மூலையில் புட்டும் கடலையும் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து கை கழுவிக்கொண்டு வந்தார். அவர்தான் குறுப்பு. தந்தியை நீட்டினேன். பார்த்தார். என்னைப் பார்த்தார். ரமணியின் கையிலிருந்த கடிதத்தை வாங்கி, நான் அடிக்கோடு போட்ட வரியைத் தொட்டுக் காட்டினார்.

"சார் தானே கேட்டது? ரமணி இப்போ சீரியஸாணோ என்று? ஞான் உத்தரம் அடிச்சு. ஆணு, இப்போ சீரியஸ்."

"குறுப்பு சார், சீரியஸ் என்றால் எங்களில்... ஆள் போய்விட்டான் என்று அர்த்தம்!"

அவருக்கு அது புதுச் செய்தி. "மரிச்சால் ஞான் 'எக்ஸ்பயர்ட்' என்று அடிக்கில்லே? அதற்கு ஒரு வார்த்தை இருக்கும்போள் எந்தினா வேறே வார்த்தை?" என்றார். அப்புறம் வருத்தத்தோடு, "நல்ல வார்த்தை சொல்லணும் என்று நினைச்சாக்கும். உள்ளதல்லே? எட்டு மாசத்தில் ரிஜிஸ்டரில் ஒரு தப்பு இல்லை. ஆபீஸில் இவன் சிரிக்கவே மாட்டான்" என்றார்.

"ஆபீஸ்ல சூப்பரின்டெண்டெண்ட் வேஷம்பா" என்றான் ரமணி. "உங்களை மாதிரியே உட்கார்ந்துண்டா வேலை தானா நடக்கறது."

நாட்

அங்கே பர்வதம் என்ன பாடு படுகிறாளோ என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. குறுப்பு எங்களை ஜீப்பில் ஏற்றிக் கீழே தபாலாபீஸுக்குக் கொண்டுபோனார். மூடுவதற்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

ஃபாரத்தில் 'ரமணி நாட் சீரியஸ்' என்று எழுதினேன். போதுமா என்று சந்தேகம் வந்தது. ஒரு 'நாட்' விட்டுப்போனால்? நடுவில் இரண்டு வார்த்தை சேர்த்தேன். 'ரமணி நாட் அட் ஆல் சீரியஸ்.' கீழே என் பெயர்.

ரமணி தோளுக்குமேல் எட்டிப் பார்த்தான். "அப்பா, 'நெவர்' போடுங்கோ. நிரந்தரமா இருக்கும்."

திட்ட வாயெடுத்தேன். பெருமாளுக்குக் கொடுத்த வாக்கு ஞாபகம் வந்தது. பேசாமல் ஃபாரத்தை நீட்டினேன்.

அன்று அவன் குவார்ட்டர்ஸில்தான் தங்கினேன். மேஜைமேல் நான் எட்டு மாதமாக எழுதிய கடிதங்களெல்லாம் தேதிவாரியாக நூல் கட்டி வைக்கப்பட்டிருந்தன. எல்லாம் புத்திமதி.

"எதுக்குடா இதையெல்லாம் வச்சுண்டிருக்கே?"

"குரல் பழகறதுக்கு" என்றான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

மறுநாள் காலை வீடு வந்து சேர்ந்தேன். பர்வதம் வாசலிலேயே நின்றாள். கண் வீங்கியிருந்தது, வாயெல்லாம் சிரிப்பு. ரமணி என்ன சாப்பிட்டான், இளைத்திருக்கிறானா என்று கேட்டு முடித்த பிறகுதான் இன்னொரு சமாசாரம் சொன்னாள்.

பெண்ணின் தகப்பனார் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டாராம். இவள் அழுத முகத்தைக் கழுவிக்கொண்டு காப்பி கொடுத்திருக்கிறாள். அதில் சர்க்கரைக்குப் பதில் உப்பு. அவர் ஒன்றும் சொல்லாமல் கடைசிச் சொட்டுவரை குடித்தாராம். தம்ளரைக் கீழே வைக்கும்போது கம்பி வந்திருக்கிறது. இவள் அதைப் பிரிக்காமல் அவரிடமே நீட்டினாள். அவரே பிரித்துப் படித்துச் சொன்னார்.

"'ரமணி கொஞ்சமும் சீரியஸ் இல்லை'ன்னு உங்க ஆத்துக்காரர் அடிச்சிருக்கார், மாமி."

"நான் என்ன பண்ணுவேன், சொல்லுங்கோ" என்றாள் பர்வதம். "சீரியஸ் இல்லையா, சீரியஸ் இல்லையான்னு கையைத் தட்டிண்டு சிரிச்சேன். பெருமாள் படத்துக்கு முன்னாலே விழுந்து கும்பிட்டேன். அவர் என்னையே பார்த்துண்டிருந்தார். அப்புறம் குடையை எடுத்துண்டு போயிட்டார்."

முதல் தந்தி அவருக்குத் தெரியாது. இவள் சொல்லவில்லை. பிள்ளை உருப்படாதவன் என்று தகப்பன் தந்தி அடிக்கிறான், தாய் அதற்குக் கைதட்டுகிறாள் என்றுதானே மனுஷர் நினைத்திருப்பார்? அந்தச் சம்பந்தத்தைத் தலைமுழுகினோம்.

நான்காம் நாள் கல்லிடைக்குறிச்சியிலிருந்து கடிதம் வந்தது. கணக்கு வாத்தியார் கையெழுத்து, வரிகள் கட்டம் போட்டதுபோல.

'என் கேள்விக்கு, நான் தங்கள் வீட்டில் இருக்கும்போதே, தங்கள் சொந்தப் பிள்ளைக்கு எதிராகத் தந்தி மூலம் பதில் அனுப்பினீர்கள். முப்பது வருஷம் வாத்தியாராக இருந்த நான் இப்படியொரு நேர்மையைப் பார்த்ததில்லை. என் பெண்ணிடம் தந்தியின் வாசகத்தைச் சொன்னேன். இந்த வீட்டில் அப்பா ஒருத்தர் சீரியஸாக இருப்பதே போதும், எனக்கு இவரே இருக்கட்டும் என்கிறாள். முகூர்த்தத்துக்கு நாள் பார்க்கலாம். காப்பிக்குச் சர்க்கரை போடும் வழக்கம் எங்கள் பக்கத்தில் உண்டு.'

உண்மையை எழுதிவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். பர்வதம் பேனாவைப் பிடுங்கி மறைத்துவிட்டாள். இன்றுவரை அவருக்குத் தெரியாது. இந்தப் பத்திரிகை கல்லிடைக்குறிச்சிக்குப் போகிறதா என்று விசாரித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். போகிறதாம். ஆனால் அவர் கதைகளெல்லாம் படிக்கிறவர் இல்லை.

ஆண்டுகள் ஆகியும் அந்த வார்த்தை காதில் விழுந்தால் எனக்கு இடது கன்னம் சிலிர்க்கிறது. டாக்டர் "ஒன்றும் சீரியஸ் இல்லை" என்று சொன்னாலும், கடைசி வார்த்தை வருவதற்குள் நான் பாதி எழுந்துவிடுவேன்.

கல்யாணத்துக்குக் குறுப்பு வந்திருந்தார். தாலி கட்டி முடிந்ததும் மேடையில் ரமணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிள்ளையாண்டான் தலையைக் குனிந்து, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் உட்கார்ந்திருந்தான். குறுப்புக்குக் கண் கலங்கிவிட்டது. சம்பந்தி பக்கத்தில் நிற்கிறார் என்பதையும் மறந்து, என் தோளில் கை வைத்து, "சாரே, ரமணி இப்போ..." என்று ஆரம்பித்தார்.

கையில் சந்தனம் இருந்தது. அதோடேயே அவர் வாயைப் பொத்தினேன்.